நெல் வித்தின் புரதமும் இன வேற்றுமையும்

காவேரி டெல்டாவில் விதை நெல் கைமாறும் வழிகள் பல. விவசாய இலாகாவின் விரிவாக்க மையத்தில் வாங்குவது ஒரு வழி. அண்டை நிலத்தாரிடம் மூட்டைக்கு மூட்டை மாற்றிக்கொள்வது மற்றொரு வழி. அண்மைக் காலத்தில் நெல் திருவிழாக்களுக்குச் சென்று பழைய ரகங்களைச் சிறிது சிறிதாக வாங்கி வருவதும் வழக்கத்திற்கு வந்திருக்கிறது. இவ்வாறு வித்து கைமாறும்பொழுது அதனுடன் செல்வது பெரும்பாலும் ஒரு பெயர் மட்டுமே. அந்தப் பெயர் சரியானதா, ஒரே பெயருடைய இரண்டு வித்துக்கள் ஒரே இனத்தைச் சேர்ந்தவையா, வெவ்வேறு பெயருடையவை மெய்யாகவே வெவ்வேறு இனங்களா என்னும் வினாக்களுக்கு விடை காண்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். வித்தினுள் அடங்கியுள்ள புரதங்களைப் பிரித்துப் பார்த்து விடை தேடும் முறை மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் நன்கு பயன்பட்டிருக்கிறது. நெல்லில் அதன் பயன் ஓரளவினதே. அந்த அளவு எவ்வளவு என்பதையும் சாகுபடியாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

பெயரினால் விளையும் மயக்கத்திற்கு ஓர் உதாரணம் கூறுவோம். கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், கோணாமணி என்ற நெல்லின் நடுவே தானாகத் தோன்றிய ஒரு மாற்றுச் செடியைப் பொறுக்கியெடுத்துப் பெருக்கி, 1921-ஆம் ஆண்டில் ஜி. இ. பி. 24 என்னும் பெயரால் வெளியிட்டனர். அக்காலத்து அரசாங்கத் தாவர நூல் நிபுணரின் பதவிப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களே அவை. சாகுபடி செய்வோர் நாவில் அப்பெயர் நிலைக்கவில்லை. பல இடங்களில் அந்நெல் கிச்சிலிச் சம்பா என்றே வழங்கலாயிற்று. ஆத்தூர்க் கிச்சிலிச் சம்பா என்ற பெயரிலும் ஒரு நெல் பயிராகிறது. ஆகவே ஒருவர் கிச்சிலிச் சம்பா என்று சொல்லிக் கொண்டுவரும் வித்து இவற்றுள் எது என்று பெயரைக்கொண்டு துணிதல் இயலாது. ஒரே நெல்லுக்கு ஊருக்கொரு பெயர் வழங்குவதும், தூற்றும் களத்தில் கலப்படமாகிப்போன நெல் பழைய பெயரையே சுமந்துகொண்டு திரிவதும் எல்லோரும் அறிந்தவை.

வெளித்தோற்றங்கொண்டு இனம் பிரிக்கலாமே எனின், பிரிக்கலாந்தான். தாளின் உயரம், இலைக்காம்பின் நிறம், கதிரின் அமைப்பு, மூக்கு, உமியின் நிறம், அரிசியின் நீளம், வயது முதலியன நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டு வருகின்றன. இந்திய அரசின் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் நெல்லுக்கு வகுத்துள்ள பட்டியலில் 62 குணங்கள் உள்ளன. ஆயினும் இவற்றுட் பல, வயலில் ஒரு போகம் முழுவதும் பார்த்தாலன்றித் தெரியமாட்டா. மூட்டையில் இருக்கும் வித்தோ உமி, மூக்கு, அரிசி ஆகியவற்றை மட்டுமே காட்டும். மேலும் உயரமும் வயதும் மண்ணுக்கும் உரத்திற்கும் பட்டத்திற்கும் ஏற்ப மாறுபடும். புதாற்றுப் பாசனத்துச் செம்மண்ணில் விளைந்ததையும், திருத்துறைப்பூண்டிக் களிமண்ணில் விளைந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்து இனம் கூறுபவர் பல சமயங்களில் ஏமாறுவர்.

பெயர் ஒன்றாயிருந்து நெல் வேறாவது ஒருபுறமிருக்க, பெயர் வேறாயிருந்தும் குருதி ஒன்றாயிருப்பது மறுபுறம். இதுவே அதிகம் கவலைக்குரியது என்பது எமது எண்ணம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்கிருந்தும் பிற நிலையங்களினின்றும் டெல்டாவிற் பரவிய ரகங்களின் வமிசத்தைச் சற்றே பார்ப்போம். 1960-க்குப் பின்னர்க் குறுவைக்கு வந்து புகழ்பெற்ற ஆடுதுறை 27, ஜப்பானிய நோரின் 10 என்பதற்கும் மேற்சொன்ன ஜி. இ. பி. 24-க்கும் பிறந்தது. ஐ. ஆர். 20 என்பதன் பெற்றோருள் ஒன்று டி. கே. எம். 6, அது ஜி. இ. பி. 24-இன் சந்ததி. ஆடுதுறை 36, திரிவேணிக்கும் ஐ. ஆர். 20-க்கும் பிறந்தது. ஆடுதுறை 39, ஐ. ஆர். 8-க்கும் அதே ஐ. ஆர். 20-க்கும் பிறந்தது. கோ 43-இன் பெற்றோருள்ளும் ஐ. ஆர். 20 உண்டு. ஆந்திரப் பொன்னி எனப்படும் பி. பி. டி. 5204-இலும் ஜி. இ. பி. 24-இன் கலப்பு இருக்கிறது. இனி, குட்டைத் தாளை அளிக்கும் மரபணுவோ, தைவான் நாட்டு டீ-ஜியோ-வூ-ஜென் என்ற ஒரே நெல்லினின்று ஐ. ஆர். 8 முதலியவற்றின் வழியாக இவற்றுட் பலவற்றில் வந்து அமைந்தது. ஆகவே ஒரு கிராமத்தில் ஐந்து பெயருடைய நெல் பயிராகிறதென்றால், ஐந்து குடும்பங்கள் இருக்கின்றன என்று கொள்ளலாகாது. அவை அண்ணன் தம்பியராகவும் பேரப்பிள்ளைகளாகவும் இருத்தல் கூடும்.

இத்தகைய நெருக்கத்தால் வரும் அபாயம் வெறும் யூகமன்று. 1970-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்காச்சோளப் பயிரை இலைக்கருகல் நோய் தாக்கிற்று. அந்நாட்டில் அப்பொழுது பல கம்பெனிகள் பல பெயர்களில் ஒட்டுச்சோள வித்து விற்றன. எனினும், ஆண்பூவைக் கையாற் கிள்ளும் கூலியை மிச்சப்படுத்தும் பொருட்டு, ஏறக்குறைய நூற்றுக்கு 85 பங்கு வித்து டெக்ஸாஸ் என்னும் ஒரே தாய்வழி மலட்டுக் குணத்தைக்கொண்டு உற்பத்தி செய்யப்பட்டிருந்தது. அக்குணமுடைய செடிகளையே நாடி அழிக்கும் பூசணத்தின் ஒரு பிரிவு தோன்றவே, தெற்கு மாகாணங்களிலிருந்து வடக்கு நோக்கி அவ்வாண்டே நோய் பரவி, நாடு முழுவதின் மகசூலில் நூற்றுக்கு 15 பங்கு அளவில் நஷ்டமாயிற்று. பெயர்கள் பலவாயிருந்தமை அந்த உழவர்களுக்கு ஒரு பாதுகாப்பும் அளிக்கவில்லை.

ஆகவே உறவின் நெருக்கத்தை அளந்தறிய ஒரு கருவி வேண்டும். வித்தின் புரதம் அத்தகைய கருவியாவது எங்ஙனம் என்று பார்ப்போம். ஒவ்வொரு புரதமும் ஒரு மரபணுவின் கட்டளைப்படியே அமைகிறது. இரண்டு வித்துக்களில் ஒரு புரதம் வேறுபட்டிருப்பின், அதற்குரிய மரபணுவும் வேறுபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். இலையிலும் வேரிலும் உள்ள புரதங்கள் பருவத்திற்கேற்ப மாறுவன. முளைக்கும் பயிருக்கு உணவாக வித்தில் சேமித்து வைக்கப்படும் புரதங்களோ, வித்து முற்றியபின் மாறாமல் தங்குவன. பத்தாயத்தில் இருந்த வித்தாயினும், சென்ற வாரம் அறுத்ததாயினும், காட்டும் அடையாளம் ஒன்றே.

இங்கு ஓர் ஐயம் எழும். யூரியா மிகுதியாக இட்டால் அரிசியிற் புரதம் கூடுகிறதே, அவ்வாறிருக்க அதை இனத்தின் அடையாளமாகக் கொள்வது எவ்வாறு என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. உரத்தால் மாறுவது புரதத்தின் அளவு, அதன் வகைகளல்ல. நூறு கிராம் அரிசியில் ஏழு கிராம் புரதம் இருக்கலாம், ஒன்பது கிராமும் இருக்கலாம். எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன என்பதை மட்டும் இனமே தீர்மானிக்கிறது. ஆதலின் சோதனையில் ஒரு கோடு தடித்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்பதைவிட, அது இருக்கிறதா இல்லையா என்பதையே பெரிதும் கணக்கிடுகின்றனர்.

வித்திலுள்ள புரதங்களை நான்கு வகுப்பாகப் பிரித்தவர், அமெரிக்காவில் கனெக்டிகட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய தாமஸ் பர் ஆஸ்போர்ன் என்னும் இரசாயன நிபுணர். தண்ணீரிற் கரைவது ஆல்புமின், உப்பு நீரிற் கரைவது குளோபுலின், சாராயத்திற் கரைவது புரோலமின், காரத்திலோ அமிலத்திலோ மட்டும் கரைவது குளுடெலின் என அவர் வகுத்த முறை இன்றும் வழங்குகிறது. நெல்லும் மக்காச்சோளமும் இவ்விஷயத்தில் நேர்மாறானவை. நெல்லின் புரதத்தில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு வரை குளுடெலின், புரோலமின் சிறிதளவே. மக்காச்சோளத்தில் ஏறத்தாழப் பாதியோ, அதற்கு மேலோ புரோலமின் வகுப்பைச் சேர்ந்த ஸெயின் என்பதாம். இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

சோதனை செய்யும் விதம் வருமாறு. ஒரே ஒரு வித்தை எடுத்து, உமி நீக்கி, பொடியாக்கி, எஸ். டி. எஸ். என்னும் சவர்க்காரம் போன்ற இரசாயனம் சேர்த்த நீரில் ஊறவைத்துப் புரதத்தைக் கரைப்பார்கள். தெளிந்த நீரில் ஒரு துளியை, கண்ணாடித் தகடுகளுக்கிடையே உறையவைத்த ஒரு மெல்லிய கூழ்ப்பலகையின் தலைமாட்டிலுள்ள குழியில் இட்டு, பலகையின் இரு முனைகளுக்கும் மின்சாரத்தை இணைப்பார்கள். புரதங்கள் மின்சாரத்தால் இழுக்கப்பட்டுக் கீழ்நோக்கி நகரும். அந்தக் கூழ் ஒரு சல்லடையைப்போல வேலை செய்வதால், சிறிய புரதம் விரைந்து அடிமட்டத்தை அடையும். பெரியது மேலேயே தங்கும். சில மணி நேரத்திற்குப்பின் மின்சாரத்தை நிறுத்தி, கூமாஸி நீலம் என்னும் சாயத்தில் தோய்த்துக் கழுவினால், ஏணிப்படிகளைப் போன்ற நீலக்கோடுகள் தோன்றும். பத்துப் பதினைந்து வித்துக்களை ஒரே பலகையில் ஓடவிட்டுக் கோடுகளை ஒப்பிடலாம். மின்சாரத்தால் புரதங்களைப் பிரிக்கும் வித்தையை 1937-ஆம் ஆண்டில் சீர்ப்படுத்திய ஸ்வீடன் தேசத்து ஆர்னே டிஸெலியஸ் என்பவருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. மேற்கூறிய எஸ். டி. எஸ். கூழ்ப்பலகை முறையை 1970-இல் லெம்லி என்பவர் வெளியிட்டார்.

வித்தைப் பொடியாக்கிவிட்டால் அது வீணாகுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. முளை உள்ள பாதியை நறுக்கித் தனியே வைத்துக்கொண்டு, மாவுள்ள பாதியை மட்டும் சோதிக்கலாம். சோதனையில் நல்லதென்று கண்ட வித்தின் முளைப்பாதியைப் பக்குவமாக முளைக்கவைத்துச் செடியாக்குவதும் நடைமுறையில் உள்ளது. அரிதான பழைய ரகத்தில் ஒரு பிடி வித்தே கிடைத்திருக்கும் இடத்தில் இது பெரிதும் உதவும்.

கோடுகளை ஒப்பிட்டு உறவை எண்ணாற் கூறுவதும் எளிதே. ஒரு நெல்லில் 20 கோடுகளும், மற்றொன்றில் 18 கோடுகளும், இரண்டிற்கும் பொதுவாக 15 கோடுகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொதுவானவற்றை இரட்டித்தால் 30. இரண்டின் மொத்தம் 38. முப்பதை முப்பத்தெட்டால் வகுக்க 0.79 வரும். எல்லாக் கோடுகளும் பொதுவாயிருப்பின் 1 வரும். ஒன்றுமே பொதுவாயில்லாவிடின் 0 வரும். இவ்வாறு ஐம்பது ரகங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நெருங்கியவற்றை அடுத்தடுத்தும் விலகியவற்றைத் தள்ளியும் எழுதினால் ஒரு வமிசக்கொடி கிடைக்கும். புதிய கலப்பினம் உண்டாக்க விரும்பும் நிபுணர், அக்கொடியில் ஒன்றுக்கொன்று தூரத்திலுள்ளவற்றைப் பெற்றோராகத் தேர்வர்.

மக்காச்சோளத்தில் இம்முறை சிறப்பாக அமைந்ததற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஸெயின் புரதத்திற்கு ஒரு மரபணு அல்ல, ஒரு பெருங்குடும்பமே உண்டு. ஆதலின் ரகத்திற்கு ரகம் கோடுகள் மிகுதியாக மாறுகின்றன. இரண்டாவது, மக்காச்சோளம் காற்றினால் மகரந்தம் பெற்று அயற்கலப்படையும் பயிர். ஒரே கொண்டையிலுள்ள மணிகளுக்குத் தந்தை வெவ்வேறாயிருக்கலாம். அம்மணியின் மாவுப்பகுதி தாயிடமிருந்து இரண்டு பங்கும், தந்தையிடமிருந்து ஒரு பங்கும் மரபணுக்களைப் பெற்று உண்டாவது. ஆகவே மெய்யான ஒட்டு வித்தின் மாவில் தாயின் கோடுகளும் தந்தையின் கோடுகளும் சேர்ந்து தோன்றும். தாய்ச்செடி தன் மகரந்தத்தாலேயே கருவுற்றிருந்தால் தந்தையின் கோடு காணப்படாது. ஒட்டு வித்தின் கலப்பைக் கண்டுபிடிக்க வயலில் விதைத்து ஒரு போகம் காத்திராமல் ஓரிரு நாட்களில் முடிவு கூற இது வழி செய்கிறது. மின்சாரத்தால் ஸெயினைப் பிரிக்கும் ஒரு முறையை சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கமும் தன் விதிகளில் சேர்த்திருக்கிறது. நெல் அறுவடைக்குப்பின் மக்காச்சோளம் விதைப்போர் டெல்டாவிலும் இருப்பதால், இது நமக்கும் தொடர்பற்ற செய்தியன்று. இந்நாட்டுச் சான்று விதை விதிகளின்படி ஒட்டு ரகங்களுக்கு இனத்தூய்மை நூற்றுக்கு 95-க்குக் குறையலாகாது. சாதாரண நெல் ரகங்களுக்கு 98.

இனி நெல்லுக்கு வருவோம். நெல் தன் பூவுக்குள்ளேயே கருவுறும் பயிர். அயற்கலப்பு நூற்றுக்கு ஒன்றளவு கூடப் பெரும்பாலும் இராது. விதைப்பயிருக்குச் சுற்றிலும் மூன்று மீட்டர் இடைவெளி போதும் என்று சான்று விதிகள் கூறுவதும், மக்காச்சோளத்திற்கு 200 மீட்டரும் அதற்கு மேலும் கேட்பதும் இதனால்தான். நெல்லிற் கலப்படம் பெரும்பாலும் பூவினால் வருவதன்று. களத்தாலும், சாக்காலும், முன் போகத்து உதிரி நெல்லாலும் வருவது. ஆகவே ஒவ்வொரு வித்தும் முழுமையாக ஓர் இனத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும். வித்துக்களைத் தனித்தனியே சோதித்தால் கலப்பு எத்தனை என்று எண்ணிவிடலாம். இது வசதி. வசதியின்மை யாதெனில், நெல்லின் குளுடெலின் எல்லா ரகங்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியாக இருப்பதேயாம். கூழ்ப்பலகையில் 37 ஆயிரம் டால்டன் நிறையளவிலும், 22 ஆயிரம் டால்டன் அளவிலும் தடித்த கோடுகள் தோன்றும். குறுவையாயினும் சம்பாவாயினும் அவை அங்கேயே நிற்கும். வேறுபாடுகள் மெல்லிய சிறு கோடுகளிலேயே காணப்படுகின்றன. விதிவிலக்காக, பசையரிசி வகைகளில் 60 ஆயிரம் டால்டன் அளவிலுள்ள ஒரு கோடு இல்லாதொழிவதால் அவற்றைத் தெளிவாகப் பிரித்தறியலாம். நெருங்கிய உறவுடைய ஆடுதுறை ரகங்களையோ, ஒரே ஊர்ச் சம்பாக்களையோ இம்முறையொன்றால் மட்டும் பிரித்துவிட முடியும் என்று எவரேனும் உறுதி கூறின், அதை ஏற்கவேண்டுவதில்லை.

இக்குறையை நீக்க, சேமிப்புப் புரதத்தை விட்டு, நாற்றின் நொதிப் புரதங்களைச் சோதிக்கும் முறை கையாளப்பட்டது. 1987-இல் கிளாஸ்மான் என்னும் பிரெஞ்சு நிபுணர், ஆசிய நாடுகளின் 1,688 பழைய நெல் ரகங்களை 15 நொதி மரபணு இடங்களிற் சோதித்து, அவை ஆறு கூட்டங்களாகப் பிரிவதைக் காட்டினார். 2005-ஆம் ஆண்டில் நெல்லின் மரபுத்தொகுதி முழுவதும் படித்து வெளியிடப்பெற்றது. அம்முயற்சியில் இந்தியாவும் பங்குகொண்டது. அதன்பின் டி. என். ஏ. என்னும் மரபுப் பொருளையே நேராகச் சோதிப்பது எளிதாகிவிட்டது. நெருங்கிய ரகங்களைப் பிரிக்க இப்பொழுது அதையே நாடுகின்றனர். புரதச் சோதனை செலவில் குறைந்தது, முதற்சலிப்புக்கு ஏற்றது என்ற நிலையில் நிற்கிறது.

மற்றொரு குறையையும் மறைத்தலாகாது. 1970-ஆம் ஆண்டின் இலைக்கருகலுக்கு ஏதுவாயிருந்த டெக்ஸாஸ் குணம், உயிரணுவின் உட்கருவில் இராமல் அதற்கு வெளியே உள்ள பகுதியில் இருந்து தாய்வழியே வருவது. ஸெயின் புரதமோ உட்கருவின் மரபணுக்களால் ஆவது. ஆகவே அமெரிக்காவின் ஒட்டு வித்துக்களை அக்காலத்தில் ஸெயினுக்காகச் சோதித்திருந்தால், அவை ஒன்றுக்கொன்று வேறானவை என்றே தெரிந்திருக்கும். பொதுவாயிருந்த அபாயம் தெரிந்திராது. புரதம் சொல்வது வித்தின் கதையில் ஒரு பகுதியே. பிறப்பு வரலாறு எழுதப்பட்டிருந்தால், அதையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

தூரத்து உறவைத் தேடிப்போவதனால் கிடைத்த நன்மைகளை டெல்டாவிலேயே காணலாம். புகையானைத் தாங்கும் தன்மைக்கு உலகெங்கும் நாடப்படும் பி. டி. பி. 33, கேரளத்துப் பட்டாம்பியில் ஒரு நாட்டு நெல்லினின்று பொறுக்கப்பட்டது. ஆடுதுறை 37-இன் பெற்றோருள் அதுவும் ஒன்று. வெள்ளத்தில் முழுகிய பின்னும் பிழைக்கும் குணம் ஒரிஸா நாட்டு எஃப். ஆர். 13ஏ என்ற பழைய நெல்லில் இருந்தது. அதற்குரிய மரபணு 2006-இல் அடையாளங் காணப்பட்டு, நம் தாழ்ந்த வயல்களில் நெடுநாளாகச் சம்பாவுக்கு உகந்திருக்கும் ஸி. ஆர். 1009-இலும் புகுத்தப்பெற்றது. ஐப்பசி கார்த்திகையில் வடிகால் அடைபட்டு நாட்கணக்கில் நாற்று முழுகும் கடைமடைக் கிராமங்களுக்கு இதன் அருமை சொல்லத் தேவையில்லை. மேற்கண்ட இரண்டு பழைய நெல்லும் மகசூலில் புதியவற்றுக்கு ஈடாகா. யாரேனும் பெயரும் ஊரும் குறித்துக் காப்பாற்றி வைத்திருந்தமையால்தான் அவை பயன்பட்டன.

நம் பகுதியில் அவ்வேலையைச் செய்தவருள் நெல் ஜெயராமன் குறிப்பிடத்தக்கவர். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, 2018 டிசம்பரில் காலமாகும் வரை 174 பாரம்பரிய ரகங்களைச் சேகரித்தார். இரண்டு கிலோ வித்துப் பெறுவோர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் அங்குள்ள ஏற்பாடு. இத்தகைய தொகுப்பில் எத்தனை பெயர்கள் ஒன்றே, எத்தனை மெய்யாகவே தனியினம் என்று சோதித்துப் பார்ப்பது, மேலே விவரித்த முறைகளுக்கு உகந்த வேலை. பெயர் குறைந்துவிடுமே என்ற வருத்தத்திற்கு இடமில்லை. இரட்டிப்பானவற்றைப் பராமரிக்கும் உழைப்பு மிஞ்சி, தனித்தவற்றிற்குப் பயன்படும்.

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விவசாயிகள் காத்து வந்த ரகத்தை அவர்கள் பெயரிலோ சமுதாயத்தின் பெயரிலோ பதிவு செய்ய இடந்தருகிறது. பதிவுக்கு அந்த ரகம் பிறவற்றினின்று வேறுபட்டதாயும், தன்னுள் ஒரே சீரானதாயும், போகத்திற்குப் போகம் மாறாததாயும் இருத்தல் வேண்டும். கலப்பட வித்தை அனுப்பினால் விண்ணப்பம் வீணாகும். ஆதலின் கிராம நிர்வாக அலுவலரும் விவசாய அலுவலரும் இவ்விஷயத்தில் உழவர்களுக்கு உதவுதல் தகும்.

மாதிரி எடுக்கும் முறையைக் கூறி முடிப்போம். நெல்லாயின், களத்தில் குவித்தபின் அள்ளுவது பயனற்றது. பயிர் நிற்கும்போதே வயலின் பல இடங்களினின்று முப்பது நாற்பது கதிர்களைத் தனித்தனியே பறித்து, ஒவ்வொன்றையும் தனிக்காகிதத்தில் சுற்றுக. மக்காச்சோளமாயின் ஒரே கொண்டையின் மணிகளை அனுப்பாமல் பல கொண்டைகளினின்று சிலசில மணிகள் எடுக்க. நிழலில் உலர்த்தி ஈரம் நூற்றுக்கு 13-க்கு மேற்படாதபடி பார்த்து, துணிப்பையிலிட்டு, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு சீட்டுக்கள் வைக்க. சீட்டில் நெல்லின் பெயர், அதற்கு அவ்வூரில் வழங்கும் மறுபெயர்கள், வித்து எவரிடமிருந்து எவ்வாண்டு வந்தது, எந்தப் பட்டத்தில் எந்த மண்ணில் எத்தனை ஆண்டாகப் பயிராகிறது என்பனவற்றை எழுதுக. வித்தின் ஒரு பகுதியை அதே சீட்டின் நகலுடன் வீட்டிலும் வைத்துக்கொள்க. சோதனைச்சாலையில் இரண்டு பை மாறிவிட்டால் ஒத்துப்பார்க்க வேறு வழியிராது.